கத்தாத கப்பி

"ஒண்ணுமே இல்லைன்னு கண்டுபிடிக்கவாம்மா இவ்வளவு தூரம் போறே?"

அவள் மகள் சிறுமியாக இருந்தபோது கேட்ட கேள்வி இது. அம்மாவுக்கு என்ன வேலை என்று பள்ளியில் கேட்டிருக்கிறார்கள். மண்ணிலும் நிலத்தடி நீரிலும் பெட்ரோல், டீசல் கலந்திருக்கிறதா என்று பார்க்க மாதிரி எடுத்து அனுப்புகிற வேலை என்று அவள் விளக்கினாள். கலந்திருந்தால் என்ன செய்வாய் என்றது குழந்தை. பெரியவர்களிடம் சொல்வேன் என்றாள். கலக்காமல் இருந்தால்? ஒன்றுமில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவேன். அப்போது வந்த கேள்விதான் அது. அவளுக்குச் சிரிப்பு வந்ததே தவிர பதில் வரவில்லை.

மகள் இப்போது அம்மாவைவிட உயரம். ஆனால் அந்தக் கேள்வி அம்மாவின் காலைப் பிரார்த்தனையில் எப்படியோ வந்து உட்கார்ந்துவிட்டது. ஊரில் எல்லோரும் ஏதாவது கிடைக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்புவார்கள். அவள் மட்டும், "ஆண்டவனே, இன்னைக்கு ஒண்ணும் கிடைக்கக் கூடாது" என்று கைகூப்பிவிட்டுக் கிளம்புவாள்.

உடன் வேலை செய்பவர்கள் அவளை டீச்சர் என்று கூப்பிட்டார்கள். குப்பியில் ஒட்டும் சீட்டு கோணலாக இருந்தால் கிழித்துவிட்டு மறுபடி எழுதச் சொல்வாள். ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் நடுவே கையுறையை மாற்றாதவனை வண்டியில் ஏற்ற மாட்டாள். மாதிரி எடுக்கிற நாளில் தலைக்கு எண்ணெய், முகத்துக்கு கிரீம் எதுவும் கூடாது. அவளும் பூச மாட்டாள்.

துளை போடும் இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் குருவி என்று பெயர். எந்தக் கதவில் நுழைந்தாலும் முதலில் அவர் தோள் வரும், கொஞ்சம் கழித்துத்தான் அவர் வருவார். அப்படிப்பட்ட உடம்புக்கு அந்தப் பெயரை யார் வைத்தார்களோ, வைத்தவர் நல்ல ரசிகர்.

அந்த முறை அவர்கள் போனது மூடிப்போன ஒரு பெட்ரோல் நிலையத்துக்கு. நிலத்துக்கு அடியிலிருந்த பழைய தொட்டிகளைத் தோண்டி எடுத்துவிட்டுக் குழியை மணல் போட்டு மூடியிருந்தார்கள். தொட்டி ஒழுகியிருந்தால் எண்ணெய் மண்ணோடு போய் நீரில் கலந்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்ந்திருக்கும். அதற்காகக் குழியைச் சுற்றியும், பின்பக்கச் சுவருக்கு அப்பால் இருந்த சலவைக்கடையின் முற்றத்திலும் துளை போட வேண்டியிருந்தது.

அந்த முற்றம் முழுக்க வெள்ளை. கொடிகளில் வரிசை வரிசையாக விரிப்புகள் காய்ந்துகொண்டிருந்தன. ஓரத்தில் துவைக்கும் கல், சிமெண்டுத் தொட்டி, அதற்குப் பக்கத்தில் கிணறு. மேல் தொட்டியை நிரப்ப ஒரு மோட்டார் இருந்தது. ஆனாலும் கடைசி அலசலுக்குக் கையால் இறைத்த தண்ணீர்தான் வேண்டும் என்பது கடை நடத்திய அக்காவின் பிடிவாதம். அவள் கயிற்றை இழுக்கும்போதெல்லாம் கிணற்றுக் கப்பி, வாலை மிதித்த பூனை மாதிரி கத்தியது.

"என்ன தங்கச்சி, உள்ள யாரையாவது பிடிச்சு வச்சிருக்கீங்களா? இந்தக் கத்து கத்துது?" என்றார் குருவி.

"எங்க மாமியாரை நினைச்சுக்கிட்டு இழுக்கிறேன்ணே, அதான்" என்றாள் அக்கா. "இதுக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கன்னு அவர்கிட்ட சொல்லிச் சொல்லி என் வாய்தான் தேயுது."

அவர் என்றது அவள் கணவரை. கடையின் முன்பகுதியில் காலையிலிருந்து மாலைவரை இஸ்திரி போட்டுக்கொண்டே இருப்பார். பேச்சு மிகக் குறைவு. "எங்க வீட்டுல நான் கஞ்சி, அவர் இஸ்திரி. நான் விறைப்பேன், அவர் சத்தமில்லாம சமாதானப்படுத்திடுவார்" என்பாள்.

குருவி இரும்புத் தண்டுகளை ஒன்றோடொன்று மாட்டத் தொடங்கினார். மாட்டுமுன் அவற்றின் முனையிலிருந்த திருகு மரையில் ஒரு புட்டியிலிருந்து எண்ணெய் தடவினார். அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, சமையல் எண்ணெய் மாதிரி இருக்கு? பூமியை வறுத்தெடுக்கப் போறீங்களா?"

"டீச்சர் உத்தரவு" என்றார் குருவி.

டீச்சர் விளக்கினாள். "வண்டிக்குப் போடுற எண்ணெயும் பெட்ரோல் வந்த வழியில வர்றதுதான்கா. அதைத் தடவினா அதுவே மண்ணுல ஒட்டிக்கிட்டு மாதிரியில வந்துடும். நாம தேடுறதை நாமே கொண்டுபோய் வைக்கக் கூடாது இல்லையா? அதான் சமையல் எண்ணெய்."

"அப்ப இவர் வண்டியில ரெண்டு எண்ணெய் இருக்குன்னு சொல்லுங்க. மாத்திக் குழம்பு வச்சிடாதீங்கண்ணே!"

எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் தாண்டியதும் ஒரு சின்ன அசம்பாவிதம். துளையிலிருந்து சேற்றுநீரை வெளியேற்றும் குழாயின் பிடி கழன்று, சேறு பீறிட்டு அடித்தது. யார் மேலும் படவில்லை. வண்டிக் கதவில் மாட்டியிருந்த வெள்ளைச் சட்டைமேல்தான் மொத்தமும் போய் விழுந்தது. அது குருவியின் சட்டை. அன்று காலைதான் பிரசவ மருத்துவமனையில் அவர் மகளுக்குக் குழந்தை பிறந்திருந்தது, வந்ததிலிருந்து எல்லோரிடமும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். வேலை முடிந்ததும் நேராக மருத்துவமனைக்குப் போவதற்காக நல்ல சட்டையாகப் பார்த்து எடுத்து வந்திருந்தார். சேறு சொட்டும் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு அவ்வளவு பெரிய மனிதர் நின்ற நிலையைப் பார்த்தால் யாருக்கும் பாவமாக இருக்கும்.

"கொண்டாங்க இப்படி" என்று அக்கா பிடுங்கிக்கொண்டாள். "பேரப்புள்ள கண்ணைத் திறந்து முதல்ல பாக்கிற தாத்தா, சேத்துல புரண்ட எருமை மாதிரியா போய் நிப்பீங்க?"

சோப்புப் போட்டுக் கசக்கி, மூன்று தண்ணீரில் அலசி, முறுக்கிப் பிழிந்து முன்பக்கம் அனுப்பினாள். அவள் கணவர் ஒரு வார்த்தை பேசாமல் ஈரச் சட்டையின்மேல் இஸ்திரிப் பெட்டியை ஓட்டி, ஆவி பறக்கப் பறக்க உலர்த்தி, மடித்துக் கொடுத்தார். குருவி சட்டைப்பைக்குள் கையை விட்டார்.

"கையை எடுங்கண்ணே. அந்தப் பிரசவ ஆஸ்பத்திரி விரிப்பெல்லாம் இங்கதான் துவைக்கிறோம். இதோ தொங்குதே, எல்லாம் அங்கத்ததுதான். உங்க பேரப்புள்ளையைச் சுத்தியிருக்கிற துணிகூட நான் அலசினதா இருக்கும். குழந்தைக்குத் துவைச்ச கை தாத்தாவுக்குத் துவைக்காதா? கூலி கீலின்னு பேசினா கோபம் வரும்."

குருவி சட்டையை வண்டிக்குள் பத்திரமாக மாட்டினார். மாலையில் சாமான்களை ஏற்றும்போது அவர்தான் கடைசியாக வந்தார். கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தவரின் முகத்தில், நல்ல காரியம் ஒன்றை யாருக்கும் தெரியாமல் செய்தவரின் களை இருந்தது. பேரன் பிறந்த மகிழ்ச்சி என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

புதிதாகப் போட்ட துளைகளில் தண்ணீர் தெளிய வேண்டும் என்பதால், நீர் மாதிரி எடுக்க அடுத்த வாரம்தான் வந்தார்கள். அன்று பெரிய இயந்திரம் இல்லை. பனிக்கட்டி நிரப்பிய பெட்டியும் குப்பிகளும்தான். பின்பக்கச் சுவரில் இருந்த சிறு கதவு வழியாகவே முற்றத்துக்குப் போய்வர முடிந்தது.

பெட்டியில் எப்போதும் ஒரு குப்பி அதிகமாக வரும். ஆய்வகத்திலேயே சுத்தமான நீரை நிரப்பி மூடியது. அதை யாரும் திறக்க மாட்டார்கள். மற்றக் குப்பிகளோடு வந்து, மற்றக் குப்பிகளோடு திரும்பிப் போகும். அதில் ஏதாவது கலந்திருந்தால் வழியிலேயே கலப்படம் நடந்துவிட்டது என்று அர்த்தம்.

"இவன் நம்ம அதிகாரி மாதிரி. குளுகுளுன்னு வருவான், மூடியைத் திறக்காம குளுகுளுன்னு போவான். ஆனா கடைசியில அறிக்கையில இவன் பேரும் வரும்" என்றார் குருவி. ஒவ்வொரு முறையும் இதையேதான் சொல்வார். டீச்சரும் ஒவ்வொரு முறையும் சிரித்துவிடுவாள்.

துளைகளிலிருந்து முதலில் பழைய நீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதிதாக ஊறி வந்த நீரை எடுத்தார்கள். சின்னக் குப்பியை நீர் ததும்பும்வரை நிரப்பி மூடிக் கவிழ்த்து, விரலால் தட்டிப் பார்ப்பாள் டீச்சர். ஒரு கடுகளவு காற்றுக்குமிழி ஏறினாலும் வேறு குப்பி. கடைசியாகக் கிணறு. அடியில் சிறு குண்டு அடைத்துக்கொள்ளும் நீளக் குழாயை இறக்கி மேல்மட்டத்து நீரை எடுத்தாள். பக்கத்தில் எரிபொருள், எண்ணெய் ஏதும் இருக்கிறதா என்ற படிவக் கேள்விக்குச் சுற்றிலும் பார்த்தாள். சோப்பும் வாளியும்தான் இருந்தன. இல்லை என்று குறித்தாள்.

அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. அக்கா ஒரு வாளி இறைத்துத் தொட்டியில் ஊற்றினாள். அடுத்த வாளியை விடும்போது, முன்பக்கத்திலிருந்து அவள் கணவர் சூடான இஸ்திரிப் பெட்டியும் கையுமாக ஓடி வந்தார். கிணற்றடியில் மனைவியைக் கண்டதும் நின்றார். மூச்சு வாங்கியது. அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

"என்னக்கா, இவ்வளவு அவசரமா?" என்றாள் டீச்சர்.

அக்கா வாயைப் பொத்திச் சிரித்தாள். "ஒரு வாரமா இதே கூத்துதான். கப்பி கத்துறதை நிறுத்திடுச்சு. கத்துச்சுன்னா நான் கிணத்தடியில நல்லா இருக்கேன்னு அவருக்குக் கணக்கு. இப்ப சத்தம் இல்லையா, நான் உள்ள விழுந்துட்டேன்னு ஓடி ஓடி வர்றார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இவருக்கு என்மேல இவ்வளவு பிரியம் இருக்குன்னு கப்பி நின்ன பிறகுதான் தெரியுது!" சிரிப்பு அடங்கியதும், "கத்தும்போது திட்டினேன். இப்ப எனக்கே என்னமோ மாதிரி இருக்கு" என்றாள்.

குருவி குனிந்து பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அவர் காதுமடல் மட்டும் சிவந்தது.

முடிவுகள் வந்தன. தொட்டிக் குழியின் ஓரத்து மண்ணில் கொஞ்சம் இருந்தது, எதிர்பார்த்ததுதான். மற்ற மண்ணில் இல்லை. துளைநீர் எதிலும் இல்லை. திறக்காத குப்பியிலும் இல்லை. சலவைக்கடைக் கிணற்றில் மட்டும் எண்ணெய் இருந்தது, அனுமதித்த அளவுக்குமேல்.

அதிகாரி விதிப்படி செய்தார். அன்றே ஆள் அனுப்பிக் கிணற்றுச் சுவரில் அறிவிப்பை ஒட்டி, மோட்டாரின் இணைப்பையும் துண்டித்தார். தண்ணீர் இல்லாத சலவைக்கடை எதற்கு? குழாய்த் தண்ணீர் குடிக்கத்தான் போதும். கொடிகள் காலியாகத் தொங்கின. மருத்துவமனையில் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்களுக்கும் நாள்தோறும் விரிப்பு வேண்டுமே. மாதக் கடைசிவரை வேறு இடத்தில் கொடுத்துச் சமாளிப்பதாகவும், அதற்குள் கிணறு திறக்காவிட்டால் வேலை அங்கேயே போய்விடும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

டீச்சர் நேரில் போனாள். அக்கா துவைக்கும் கல்மேல் உட்கார்ந்திருந்தாள். அன்று அவளிடம் கஞ்சியின் விறைப்பு இல்லை.

"கடை போனா போகுதுங்க. வேற ஏதாவது செஞ்சு பிழைச்சுக்குவோம். ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இத்தனை நாளும் இந்தத் தண்ணியிலதானே அலசினேன். பச்சைக் குழந்தைங்க உடம்புல படுற துணி. அதுங்களுக்கு ஏதாவது ஆகியிருக்குமா?"

"தெரியலைக்கா. தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றாள் டீச்சர். பொய்யாக ஆறுதல் சொல்லியிருக்கலாம். ஆனால் பயத்தோடு கேட்கிறவரிடம் தெரியாததைத் தெரியாது என்று சொல்வதும் ஒரு மரியாதைதான்.

அலுவலகத்தில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இங்கே தொட்டிக் குழி. அங்கே கிணறு. நடுவில் துளைகள், எல்லாம் சுத்தம். எண்ணெய் மண்ணுக்குள்ளே ஊர்ந்து வந்திருந்தால் நடுவில் இருப்பவற்றைத் தொடாமல் எப்படி வரும்? பறந்தா வந்தது? ஆய்வகத்தில் இருந்த தோழியைத் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"நானே சொல்லணும்னு இருந்தேன்டி" என்றாள் தோழி. "மொத்த அளவுதான் அதிகம். பெட்ரோல்ல இருக்கிற லேசான சரக்கு ஒண்ணுகூட இல்லை. டீசல் மாதிரியும் தெரியலை. எல்லாம் கனமானது. இன்ஜின் எண்ணெய் மாதிரி இருக்கு. அங்க யாராவது வண்டி கழுவுறாங்களா?"

அங்கே வண்டியே இல்லை. டீச்சர் தொலைபேசியை வைத்தாள். மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. பழைய விசிறி, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முனகல். போன மாதம் எண்ணெய் போட்டபின் கொஞ்ச நாள் சும்மா இருந்தது. அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தவளுக்குச் சட்டென்று இஸ்திரிப் பெட்டியோடு ஓடி வந்த மனிதர் நினைவுக்கு வந்தார்.

கத்திக்கொண்டிருந்த கப்பி தானாகவா நிற்கும்?

குருவி வண்டிக் கொட்டகையில் தண்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அந்தக் கிணத்துக் கப்பிக்கு எண்ணெய் விட்டீங்களா?"

அவர் முகம் மலர்ந்தது. "தெரிஞ்சுபோச்சா? சட்டைக்குக் கூலி வேணாம்னுட்டாங்க டீச்சர். மனசு கேக்கலை. அந்தப் பொண்ணு நாள் முழுக்க அதை இழுக்குதே, கொஞ்சம் லேசா சுத்தட்டுமேன்னுதான்."

"எந்த எண்ணெய்?"

"நல்லதாத்தான். சமையல் எண்ணெய் நாலு நாள்ல பிசுபிசுன்னு ஆயிடும். வண்டிக்கு வாங்கினது ஒரு டப்பா புதுசா இருந்துச்சு, அதைத் தாராளமா..." அங்கேயே நின்றது பேச்சு. துடைத்துக்கொண்டிருந்த கையும் நின்றது. மரைக்கு வண்டி எண்ணெய் படக் கூடாது என்று எத்தனையோ புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அது துளைக்கான விதி, கப்பிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று அவர் மனம் அன்று பிரித்துப் பார்த்துவிட்டது. அன்று துளை போட்டு மண் மட்டும்தான் எடுத்தார்கள், நீர் எடுக்கவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. கயிற்றோடு வழிந்து, வாளியோடு இறங்கி, எண்ணெய் கிணற்றில் மிதந்திருக்கிறது.

குருவி தண்டின்மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"எழுதிடுங்க டீச்சர். நான்தான்னு எழுதிடுங்க."

"வேலைக்கு ஆபத்து வரலாம்ணே."

"என் வேலை போனா இன்னொரு வேலை. ஆஸ்பத்திரியில அந்த விரிப்புமேலதான் என் பேரன் படுத்திருந்தான். அந்தத் தங்கச்சி முன்னால எந்த முகத்தோட நிப்பேன்?"

டீச்சர் எழுதினாள். கிணற்றருகில் எண்ணெய் இல்லை என்று தலையைத் தூக்கி மேலே பார்க்காமல் குறித்தது தன் பிழை என்பதையும் சேர்த்து எழுதினாள். அதிகாரி இரண்டு முறை படித்துவிட்டு, "ஏன்மா, இதை இப்படிப் பச்சையா எழுதணுமா?" என்றார். "பச்சையா எழுதினாத்தான் சார் கிணறு திறக்கும்" என்றாள். அவர் பெருமூச்சு விட்டுக் கையெழுத்துப் போட்டார். டீச்சருக்கு எச்சரிக்கை. குருவி கொஞ்ச காலத்துக்கு இயந்திரத்தைத் தொடக் கூடாது, கிடங்கில் சாமான் எண்ண வேண்டும். கிணற்றைச் சுத்தம் செய்து மறுபடி மாதிரி எடுக்க அனுமதி.

சொல்ல வேண்டியது இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. குருவி டீச்சரோடு சலவைக்கடைக்கு வந்து, வெறும் கொடிகளுக்கு நடுவே நின்றார். எவ்வளவு குனிந்தும் அவர் உடம்பு சின்னதாகவில்லை.

"நான்தான் தங்கச்சி. கப்பிக்கு எண்ணெய் விட்டது நான். அதான் கிணத்துல வந்திருக்கு. தொட்டியிலருந்து ஒண்ணும் வரலை."

அக்கா அவரையே பார்த்தாள். அவள் கணவரும் முன்பக்கத்திலிருந்து வந்து நின்றார்.

"கூலி வேணாம்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா?" என்றாள் அக்கா. "வேணாம்னதைக் கொடுக்கப் போயி பாருங்க, என்ன ஆச்சுன்னு."

"தப்புதான்."

"நான் இத்தனை நாளா தூங்கலைண்ணே. ஒவ்வொரு குழந்தையா நினைச்சு நினைச்சு..." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். டீச்சர் அருகில் போனாள். எண்ணெய் மேலேதான் மிதக்கும், மோட்டார் அடியிலிருந்து இழுக்கும், கடைசி அலசலுக்கு இறைத்த நீரில் பட்டிருந்தாலும் சொற்பம்தான் என்று சொன்னாள். அதைத் தன் வாயால் சொன்னால் போதாது என்பதால், மேல் தொட்டி நீரையும், மடித்து வைத்திருந்த விரிப்பில் ஒன்றையும் ஆய்வகத்துக்கு எடுத்துப் போவதாகவும் சொன்னாள். அக்கா தலையை ஆட்டினாள்.

அதுவரை பேசாதிருந்த கணவர் தொண்டையைச் செருமினார்.

"பேரன் எப்படி இருக்கான்?" என்றார் குருவியிடம்.

குருவி கண்ணைக் கசக்கிக்கொண்டு, நன்றாக இருக்கிறான் என்று கையால் காட்டினார்.

நல்லது செய்வதாக இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்ய வேண்டும் என்று நமக்குத் தோன்றலாம். உண்மைதான். ஆனால் கேட்டுச் செய்யத் தெரியாத பிரியமும் ஆண்டவன் கொடுத்ததுதான். அதைத் திருத்தலாமே ஒழியத் தள்ளிவிட முடியாது.

எண்ணெயை மட்டும் உறிஞ்சும் வெள்ளைத் துணிகளை நீர்மேல் மிதக்கவிட்டு எடுத்தார்கள். மேல்மட்டத்து நீரை இறைத்துப் பீப்பாயில் அடைத்துக் கொண்டுபோனார்கள். உட்சுவரைத் தேய்த்துக் கழுவினார்கள். எண்ணெயில் ஊறிய கப்பியையும் கயிற்றையும் கழற்றிப் பையில் கட்டி எடுத்துப் போனார்கள், அவை இனி அங்கே இருக்கக் கூடாது என்பது விதி. ஊறி வந்த புது நீரில் டீச்சர் மாதிரி எடுத்தாள். குமிழி இருக்கிறதா என்று வழக்கத்தைவிட அதிகமாகத் தட்டிப் பார்த்தாள்.

மாதக் கடைசிக்கு முன்பே முடிவு வந்தது. கிணற்றில் இல்லை. மேல் தொட்டியில் இல்லை. விரிப்பிலும் இல்லை. சுவரில் இருந்த அறிவிப்பை டீச்சரே கிழித்தாள்.

"ஒண்ணுமில்லைக்கா" என்றாள்.

"நிஜமாவா? ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை."

அக்கா அந்த இடத்திலேயே கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். ஒன்றுமில்லை என்று கண்டுபிடிக்கவா இவ்வளவு தூரம் போகிறாய் என்று கேட்ட மகளுக்கு இன்று வீட்டுக்குப் போனதும் சொல்ல ஒரு பதில் இருக்கிறது என்று டீச்சர் நினைத்துக்கொண்டாள்.

மறுநாளே விரிப்புகள் வந்துவிட்டன. முற்றம் மறுபடி வெள்ளையானது. ஒரு குறைதான். கிணற்றின் இரும்புச் சட்டம் கப்பி இல்லாமல் வெறுமையாக இருந்தது. அக்கா புதுக் கயிற்றைச் சட்டத்தின்மேல் நேரடியாகப் போட்டு இழுத்தாள். உள்ளங்கை காய்த்தது. "கப்பி வாங்கணும், ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமையா தள்ளிப்போகுது" என்று டீச்சரிடம் ஒருநாள் சொன்னாள். "கையைவிட இவர் தொல்லைதான் பெருசு. சத்தம் இல்லாம பயமா இருக்காம். இறைக்கும்போதெல்லாம் பாட்டுப் பாடச் சொல்றார். என் பாட்டைக் கேட்டா கிணறே வத்திடும்." டீச்சர் இதைக் கிடங்கில் வைத்துச் சிரித்துச் சிரித்துச் சொன்னாள். குருவி கேட்டுக்கொண்டே திருகாணிகளை எண்ணினார்.

அந்த வாரக் கடைசியில் அவர் இரும்புக் கடைக்குப் போனார். கப்பி வேண்டும் என்றார். கடைக்காரர் நான்கைந்தை எடுத்து வைத்தார். குருவி ஒவ்வொன்றையும் காதருகில் வைத்துச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாமே வழுக்கிக்கிட்டு ஓடும் சார், சத்தமே வராது" என்றார் கடைக்காரர்.

"சத்தம் வர்றது இருக்கா?"

கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு உள்ளே போய், எந்தக் காலத்திலோ வந்து விலைபோகாமல் கிடந்த ஒன்றைத் தூசி தட்டிக் கொண்டுவந்தார். குருவி சுற்றினார். அது கத்தியது.

"எண்ணெய் போட்டுத் தரவா?"

"ஐயோ, வேணாம்!" என்ற குரலில் கடையே திரும்பிப் பார்த்தது.

ஞாயிறு காலை சலவைக்கடைத் தம்பதி பிரார்த்தனைக்குப் போகும் நேரம் அவருக்குத் தெரியும். பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கச் சுவரில் இருந்த சிறு கதவு இன்னும் தாழிடப்படாமல்தான் இருந்தது. வீட்டிலிருந்து கிளம்புமுன்பே கையைச் சோப்புப் போட்டு இரண்டு முறை கழுவியிருந்தார். இங்கே வந்து புதுக் கையுறையும் போட்டுக்கொண்டார். சட்டத்தில் கப்பியை மாட்டி, ஆணியை முடுக்கி, கயிற்றைக் கோத்தார். அவரைப் பார்த்தது மேலே இருக்கிற ஒருவர்தான். அவர் யாரிடமும் போய்ச் சொல்கிறவர் இல்லை.

வாளியை விட்டு ஒரு முறை இறைத்துப் பார்த்தார். காலியான முற்றத்தில் கப்பி வாய் ஓயாமல் கத்தியது. அவர் அதைக் கேட்டுக்கொண்டே மெதுவாக இழுத்தார்.

பின்பு இறைத்த தண்ணீரை எடுத்துப்போய், ஈர மண்ணில் கதவுவரை பதிந்திருந்த தன் பெரிய காலடித் தடங்களின்மேல் ஊற்றி அழித்துவிட்டு, வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.